துவைத்த காலமும் எறிந்த காலமும்: முகக்கவசம் கடந்து வந்த பாதை

'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். துணி என்று ஒன்று கைக்கு வந்துவிட்டால், அது நைந்து நூலாகும் வரை துவைத்து உலர்த்தி உடுத்துவதும், உடுத்த இயலாத நிலையில் கரித்துணியாக்கி அடுப்படியில் வைத்துக்கொள்வதும் நம் இல்லங்களின் இயல்பு. 2020-ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று பரவி, மருந்துக் கடைகளில் நீலநிற மூன்றடுக்கு முகக்கவசங்களை வாங்கி அணியத் தொடங்கியபோதும் இந்த இயல்பு மாறவில்லை. 'ஒருமுறை பயன்பாட்டிற்கு மட்டும்' என்று பெட்டியின் மீது அச்சிட்டிருந்தும், பலர் அவற்றைச் சோப்பு நீரில் அலசிக் கொடியில் உலர்த்தி மறுநாளும் அணிந்தனர். அப்படிச் செய்வது சரியா என்ற கேள்வியும் உடன் எழுந்தது.

'கூடவே கூடாது' என்றனர் சிலர். 'துவைத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது?' என்றனர் வேறு சிலர். இரு தரப்பாருமே முகக்கவசம் என்ற பொருளின் வரலாற்றைக் கருத்தில் கொள்ளவில்லை என்பது எங்கள் எண்ணம். முகக்கவசம் தோன்றிய பின் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அது பெரும்பாலும் துவைத்து மீண்டும் அணியும் பொருளாகவே இருந்தது. 'இதைத் துவைக்கலாமா?' என்று அந்நாளைய செவிலியர் ஒருவரிடம் கேட்டிருந்தால், கேள்வியே அவருக்குப் புரிந்திருக்காது. துவைக்கும் பொருள் எப்போது, யாரால், எதற்காக எறியும் பொருளாக மாறியது என்பதை அறிந்தால், நம் கேள்விக்கான விடையும் தெளிவாகும். அவ்வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

பிரெஸ்லாவில் ஒரு சல்லாத்துணி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், நோய்க்கிருமிகளைப் பற்றிய அறிவு ஐரோப்பிய மருத்துவத்தை அடியோடு மாற்றியிருந்தது. அறுவை மருத்துவர்கள் கைகளையும் கருவிகளையும் தூய்மை செய்யக் கற்றிருந்தனர். ஆயினும், மருத்துவரின் வாயிலிருந்தே கிருமிகள் புண்ணில் விழக்கூடும் என்பதைப் பலரும் எண்ணிப் பார்க்கவில்லை. அன்று ஜெர்மனியில் இருந்ததும் இன்று போலந்தில் விரோட்ஸ்வாஃப் என வழங்குவதுமான பிரெஸ்லாவ் நகரில், கார்ல் ஃப்ளூகே என்ற சுகாதார அறிஞர் இதை ஆராய்ந்தார். செந்நிறக் கூட்டமாக வளரும் ஒருவகைத் தீங்கற்ற பாக்டீரியாவை வாயில் இட்டுக்கொண்டு பேசச் செய்தால், சற்றுத் தொலைவில் வைத்த தட்டுகளிலும் அது முளைத்தது. இயல்பாகப் பேசும்போதே நுண்துளிகள் தெறிக்கின்றன என்பதை இத்தகைய சோதனைகள் காட்டின.

அதே நகரில் அறுவை மருத்துவப் பேராசிரியராக இருந்தவர் யோகான் மிக்குலிச். ஃப்ளூகேயின் முடிவுகளை அறிந்த அவர், 1897-ஆம் ஆண்டில் மூக்கையும் வாயையும் மறைக்கும் ஒற்றையடுக்குச் சல்லாத்துணியைத் தொப்பியோடு நாடாக்களால் கட்டிக்கொண்டு அறுவை செய்யத் தொடங்கினார். மறு ஆண்டே அவருடைய உதவியாளர் ஹூபெனர், ஒற்றையடுக்கு போதாது என்று கூறி இரட்டையடுக்கைப் பரிந்துரைத்தார். பாரிஸ் நகரில் பால் பெர்ஜே என்ற மருத்துவரும் அதே 1897 அக்டோபரில் கவசம் அணியத் தொடங்கினார். அவருடையது ஆறடுக்குச் சல்லாத்துணி. அவருக்குத் தாடி இருந்தமையால், துணியின் கீழ்விளிம்பைத் தூய்மை செய்த மேலங்கியுடன் சேர்த்துத் தைத்திருந்தார்.

இக்கவசங்கள் அனைத்தும் பருத்தியால் ஆனவை. மிக்குலிச் அணிந்த கையுறைகளும் பருத்தியே. அறுவை முடிந்ததும் மேலங்கி, போர்வை, துண்டு ஆகியவற்றோடு கவசமும் சலவைக்குச் செல்லும். பின் நீராவியில் கிருமி நீக்கப்பட்டு மீண்டும் அறுவைக் கூடத்திற்கு வரும். ஆகவே முகக்கவசம் பிறந்தபோதே மருத்துவமனைச் சலவைக்கூடமும் அதன் உறுப்பாகவே இருந்தது எனலாம்.

ஹார்பினின் பனிக்காலம்

அறுவைக் கூடத்திற்குள் இருந்த கவசத்தைக் கொள்ளைநோய்க் களத்திற்குக் கொண்டுவந்து பரப்பிய பெருமை, பினாங்குத் தீவில் 1879-இல் பிறந்து கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்ற வூ லியன் தே என்ற சீன மருத்துவருக்குரியது. 1910-ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் கொடிய பிளேக் நோய் பரவியது. சீன அரசால் அனுப்பப்பட்ட வூ, டிசம்பர் மாத இறுதியில் உறைபனியில் மூழ்கியிருந்த ஹார்பின் நகரை அடைந்தார். எலிகளும் தெள்ளுப்பூச்சிகளும் பரப்பும் வழக்கமான பிளேக் இதுவன்று, நோயாளியின் மூச்சிலிருந்து மற்றவர் நுரையீரலுக்கு நேரடியாகத் தாவும் வகை என்று அவர் முடிவு செய்தார். சல்லாத்துணி அடுக்குகளுக்கு இடையே பஞ்சுப் பட்டையை வைத்து, தலைக்குப் பின்னால் இறுகக் கட்டும் எளிய கவசம் ஒன்றை உருவாக்கி, மருத்துவர்களும் பணியாளர்களும் அணிய வேண்டும் என வற்புறுத்தினார்.

முப்பத்தொரு வயது இளைஞரின் சொல்லை எல்லோரும் ஏற்றுவிடவில்லை. அனுபவம் மிக்க பிரெஞ்சு மருத்துவர் ஜெரால் மெனி, கவசம் அணியாமலேயே ஹார்பினில் நோயாளிகளைச் சோதித்தார். 1911 ஜனவரியில் அதே நோய்க்குப் பலியானார். அந்த இறப்புக்குப் பின் ஹார்பினில் கவசம் அணியத் தயங்கியவர் குறைவு. ஏறத்தாழ அறுபதாயிரம் உயிர்களைக் கொண்டுபோன அந்நோய், 1911-ஆம் ஆண்டின் வசந்தத்திற்குள் அடங்கியது. நடமாட்டக் கட்டுப்பாடு, நோயாளிகளைத் தனிமைப்படுத்துதல், இறந்தோரை எரியூட்டல் ஆகிய பலவும் இதற்குக் காரணங்கள். ஆயினும் உலகின் நினைவில் தங்கிய படிமம், பஞ்சும் சல்லாத்துணியும் கட்டிய முகங்களே.

வூவின் கவசத்தில் நாம் கருத வேண்டிய சிறப்பு, அதன் எளிமை. எந்த ஊரிலும் கிடைக்கும் துணி, எவரும் கட்டக்கூடிய முறை. ஆலை ஒன்று தொலைவில் நின்றுவிட்டால் தானும் நின்றுவிடும் பொருளாக அது இருக்கவில்லை.

1918: வேகவைத்துக் கட்டிய நகரங்கள்

ஏழாண்டுகள் கழித்து இன்ஃபுளுவென்சாப் பெருந்தொற்று உலகைச் சூழ்ந்தபோது, இந்த எளிமைக்கு ஒரு பெருஞ்சோதனை வந்தது. அமெரிக்க நகரங்களில் செஞ்சிலுவைச் சங்கத் தொண்டர்கள் பெருந்தொகையில் சல்லாத்துணிக் கவசங்களைத் தைத்தனர். அவற்றைக் கொதிநீரில் வேகவைத்து, உலர்த்தி, மீண்டும் அணியுமாறு சுகாதாரத் துறையினர் மக்களுக்கு அறிவுறுத்தினர். சான் பிரான்சிஸ்கோ நகரம் 1918 அக்டோபரில் கவசத்தைச் சட்டமாக்கியது. நவம்பர் 21 அன்று நண்பகலில் ஊதல்கள் ஒலிக்க, ஆணை நீங்கியது. மக்கள் கவசங்களைக் கழற்றித் தெருவிலேயே எறிந்தனர். நோய் மீண்டும் தலைதூக்கியதால் 1919 ஜனவரியில் ஆணை திரும்ப வந்தபோது, 'கவச எதிர்ப்புக் கழகம்' என்றே ஓர் அமைப்பு தோன்றிக் கூட்டம் நடத்தியது. பிப்ரவரி முதல் நாளில் ஆணை மறுபடியும் விலக்கப்பட்டது.

இந்தக் கவசங்கள் பயன் தந்தனவா? கலிஃபோர்னியச் சுகாதார வாரியத்தைச் சேர்ந்த கெல்லாக் என்பவர் ஆய்வகத்தில் சோதித்து 1920-இல் முடிவுகளை வெளியிட்டார். அடுக்குகளைக் கூட்டினால் வடிகட்டல் கூடுகிறது. ஆனால் மூச்சு விடுவது கடினமாகி, காற்று துணியின் ஊடே செல்லாமல் விளிம்பின் இடைவெளி வழியே புகுந்துவிடுகிறது என்று அவர் கண்டார். நூறாண்டுகள் கழிந்த பின்னும் முகக்கவச வடிவமைப்பாளர்கள் போராடுவது இதே சிக்கலோடுதான். வடிகட்ட வேண்டும், மூச்சும் விட வேண்டும், விளிம்பும் முகத்தோடு பொருந்த வேண்டும் என்ற மூன்றையும் ஒருங்கே நிறைவேற்றுவது எளிதன்று.

துணிக்கவசத்தின் மீதான ஆராய்ச்சி இதன்பின்னும் தொடர்ந்தது. எத்தனை அடுக்கு, ஓர் அங்குலத்தில் எத்தனை இழை, எவ்வடிவம் என்றெல்லாம் மருத்துவர்கள் சோதித்தனர். துவைக்கும்போது பருத்தி இழைகள் சுருங்கி நெருங்குவதால், சில கவசங்கள் துவைத்த பின்னர் முன்னைவிட நன்றாக வடிகட்டுகின்றன என்றுகூடச் சிலர் கண்டனர். இன்று நாம் 'துவைத்தால் கெடுமா?' என்று அஞ்சுகிறோம். அன்று 'துவைத்தால் மேம்படும்' என்று சொல்லத்தக்க பொருள் ஒன்று இருந்தது.

சலவைக்கூடம் மூடிய காலம்

1930-களில் காகிதக் கவசங்கள் தலைகாட்டின. ஆனால் பெரும்மாற்றம் நிகழ்ந்தது 1960-களில். நெய்யாத செயற்கை இழைத்துணியால் ஆன, ஒருமுறை அணிந்து எறியும் கவசங்கள் அமெரிக்க மருத்துவமனைகளில் பரவின. அக்காலத்தில் கவசம் மட்டுமே அவ்வாறு மாறியதன்று. கண்ணாடி ஊசிக்குழல் போய்ப் பிளாஸ்டிக் குழல் வந்தது. ஒட்டுப் போட்டுத் திரும்பத் திரும்ப அணிந்த ரப்பர்க் கையுறை போய், ஒருநாள் கையுறை வந்தது. அமெரிக்காவின் லைஃப் இதழ் 1955 ஆகஸ்டில், தட்டுகளும் கோப்பைகளும் வானில் பறக்க ஒரு குடும்பம் மகிழ்வதைப் படம்பிடித்து, எறிந்து வாழும் வாழ்க்கையை வீட்டுப் பெண்ணுக்குக் கிடைத்த விடுதலையாகக் கொண்டாடியிருந்தது. அதே காற்று மருத்துவமனைகளிலும் வீசியது.

மருத்துவ வரலாற்றாளர்களான புருனோ ஸ்திராசரும் தாமஸ் ஷ்லிக்கும் 2020-இல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரையொன்று, இம்மாற்றத்தின் காரணங்களை ஆராய்கிறது. துவைப்போர், உலர்த்துவோர், மடிப்போர், கிருமி நீக்குவோர் ஆகியோருக்குக் கொடுக்கும் கூலி மிச்சமாகிறது; பொருள்களை எண்ணி இருப்பு வைப்பது எளிதாகிறது; உற்பத்தியாளர்களின் விளம்பரமும் வலுவாக இருந்தது. இவையே முதன்மைக் காரணங்கள் என்பது அவர்கள் முடிவு. பழைய துணிக்கவசம் தோற்றுப்போனதால் புதியது வந்தது என்று எளிதில் சொல்லிவிட இயலாது. 1975-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், நான்கடுக்குப் பருத்தி மஸ்லினால் ஆன, துவைத்து அணியும் கவசம், அன்று புழங்கிய காகிதக் கவசங்களையும் புதிய செயற்கை இழைக் கவசங்களையும் விஞ்சியது.

எனினும் காலம் மறுபுறம் சாய்ந்துவிட்டது. மேலை நாட்டு மருத்துவமனைகளில் துணிக்கவசம் மறைந்தபோது, அதை மேம்படுத்தும் ஆராய்ச்சியும் மறைந்தது. நம் நாட்டின் மருத்துவமனைகள் பலவற்றிலோ பச்சைத் துணிக் கவசம் பல ஆண்டுகள் நிலைத்தது. அறுவைக் கூடத்துப் பச்சை அங்கிகளோடு அதுவும் சலவைக்குப் போய், ஆட்டோகிளேவ் டிரம்மில் நீராவிக் குளியல் முடித்துத் திரும்பி வந்துகொண்டிருந்தது. வளர்ச்சி குன்றியதன் அடையாளமாக அதைக் கருதியோர் உண்டு. துவைப்பதற்கென்றே ஓர் ஒழுங்கு அங்கே இருந்தது என்பதைக் கண்டோர் குறைவு.

இழைக்குள் ஒளிந்த மின்னேற்றம்

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, 'எறியும் கவசம் என்பதே வணிகரின் சூழ்ச்சி. தாராளமாகத் துவைக்கலாம்' என்று வாசகர்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. ஏனெனில் கவசத்தின் பெயர் மாறாதபோதும் அதன் உடல் முற்றிலும் மாறிவிட்டது. அந்த மாற்றத்தின் வேர், மருத்துவத்தோடு தொடர்பில்லாத ஓர் இடத்தில் இருக்கிறது.

1950-களில் அணுகுண்டுச் சோதனைகள் பெருகின. வானில் மிதக்கும் கதிரியக்கத் துகள்களைப் பிடிக்க மிக நுண்ணிய இழைகளாலான வடிகட்டி தேவைப்பட்டது. அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் வான் வென்ட்டே என்பவர், உருக்கிய பிளாஸ்டிக்கை நுண்துளைகள் வழியே செலுத்தி, வெப்பக் காற்றால் ஊதி, சில மைக்ரான் பருமனே உள்ள இழைகளை உருவாக்கும் முறையை வகுத்தார். நம் தலைமுடியின் பருமனில் அது சில பத்தில் ஒரு பங்கு. பின்னர் பாலிபுரொப்பிலீன் என்ற மலிவான பிளாஸ்டிக்கிலிருந்து இவ்விழையை ஆலைகள் பெருமளவில் ஊதத் தொடங்கின. இன்னொரு புறம், 3எம் நிறுவனத்திற்காகச் சாரா லிட்டில் டர்ன்புல் என்ற வடிவமைப்பாளர், நெய்யாத துணியை அச்சில் வார்த்துக் கிண்ண வடிவாக்கும் நுட்பத்தை ஆராய்ந்துவந்தார். அதன் தொடர்ச்சியாக 1961-இல் கிண்ண வடிவக் கவசம் ஒன்றை அந்நிறுவனம் வெளியிட்டது. தூசி நிறைந்த தொழிற்கூடங்களுக்கான மூச்சுக்கவசமாக அதன் வழித்தோன்றல் 1972-இல் அரசின் ஏற்பைப் பெற்றது. இன்றைய என்-95 கவசத்தின் முன்னோர் இவையே.

இழை நுண்ணியதாக இருந்தால் மட்டும் போதாது. மிகநெருக்கமாக அடுக்கினால் மூச்சு திணறும் என்று கெல்லாக் கண்ட பழைய தடை மீண்டும் எதிரே நின்றது. அதைக் கடக்க உதவியது நிலைமின்னேற்றம். தலைவாரிய பிளாஸ்டிக் சீப்பு, காகிதத் துணுக்குகளை ஈர்ப்பதை நாம் பள்ளியில் கண்டிருக்கிறோம். அதுபோன்ற மின்னேற்றத்தை இழைக்குள் நெடுநாள் தங்குமாறு பதித்துவிட்டால், இழைகள் இடைவெளிவிட்டு நின்றாலும் கடந்து செல்லும் நுண்துகள்களை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். காற்று தடையின்றிச் செல்லும், துகள் சிக்கிக்கொள்ளும். தைவானில் பிறந்து அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பீட்டர் சாய், இத்தகைய மின்னேற்றும் முறையொன்றுக்கு 1995-இல் காப்புரிமை பெற்றார்.

நீலநிற மூன்றடுக்குக் கவசத்தை விரித்துப் பார்த்தால், வெளியடுக்கும் உள்ளடுக்கும் வெறும் காவலர்களே என்பது விளங்கும். நடுவில் இருக்கும் மெல்லிய வெண்படலமே உண்மையான வடிகட்டி. அதன் ஆற்றலில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத மின்னேற்றத்தில் இருக்கிறது. சோப்பு நீர் இழையின் மேல் படிந்து அந்த ஏற்றத்தை மங்கச் செய்கிறது. ஆல்கஹால் அதைப் போக்கிவிடுகிறது. காற்று வடிகட்டிகளைச் சோதிக்கும் ஆய்வகங்களில், மின்னேற்றத்தை வேண்டுமென்றே நீக்குவதற்குப் பயன்படும் பொருளே ஒருவகை ஆல்கஹால் என்றால், அதைக் கவசத்தின் மீது தெளித்துத் 'தூய்மை' செய்வதன் விளைவை வாசகர்களே உணரலாம். பருத்திக் கவசம் துவைத்தால் நெருங்கி இறுகியது. இக்கவசமோ துவைத்தாலும் பார்வைக்கு மாறாமல், உள்ளிருந்த வலிமையை இழந்து வெளிவருகிறது.

தட்டுப்பாடு கற்பித்த பாடம்

2020-இன் தொடக்கத்தில் உலகெங்கும் கவசத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, மறந்துபோன கேள்வி திரும்ப வந்தது. தைவான் நாட்டுச் சுகாதார அதிகாரிகள், வீட்டிலுள்ள மின்சார அரிசிக் குக்கரில் தண்ணீர் ஊற்றாமல் கவசத்தை வைத்து வெறும் சூட்டில் கிருமி நீக்கும் முறையைச் செய்து காட்டினர். நீரும் சோப்பும் படாமல் சூடு மட்டும் படுவதே அதன் நுட்பம். பணி ஓய்வு பெற்றிருந்த பீட்டர் சாய் மீண்டும் ஆய்வில் இறங்கி, உலர்வெப்பமும், பல கவசங்களை வைத்துக்கொண்டு நாள்தோறும் ஒன்றாகச் சுழற்சி முறையில் அணிவதும் மின்னேற்றத்தைக் காக்கும் என்றார். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் யி சுய் என்பவரின் குழுவினரும் வெப்பமே பாதுகாப்பான வழி என்றும், ஆல்கஹாலும் குளோரினும் வடிகட்டும் திறனைச் சரியச் செய்கின்றன என்றும் கண்டனர். அமெரிக்க அரசு 2020 மார்ச் 29 அன்று, ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவியால் என்-95 கவசங்களைக் கிருமி நீக்கி மருத்துவப் பணியாளர்களுக்குத் திரும்பத் தர அனுமதித்தது. உற்பத்தி பெருகியபின் 2021-இல் அந்த அனுமதிகளைத் திரும்பப் பெற்றது. எறியும் பொருள் என்று எழுதி ஒட்டியவர்களே, தட்டுப்பாட்டில் அதை மறுமுறை பயன்படுத்த வழி தேடியதைக் காண்கிறோம்.

இதற்கு மறுபுறமும் உண்டு. தாய்லாந்தின் சரபுரி மாகாணத்தில், பயன்படுத்திய கவசங்களைச் சேகரித்து, இஸ்திரி போட்டு மடித்து, புதியன போல் விற்பனைக்கு அணியமாக்கிய இடமொன்றைக் காவல்துறையினர் 2020 மார்ச்சில் கண்டுபிடித்தனர். மறுபயன்பாடு என்பது அணிபவர் அறிந்து செய்யும்போது சிக்கனம். அறியாதவர் தலையில் கட்டும்போது மோசடி. கழித்த கவசங்களை வெட்டிய பின்பே குப்பையில் சேர்க்குமாறு இந்தியாவின் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த வழிமுறை கூறியது இத்தகைய மறுபயன்பாட்டைத் தடுக்கவே.

சரி, சாமானியர் கேட்ட கேள்விக்கு வருவோம். அறுவைக் கவசத்தைச் சோப்பில் துவைத்தால் எவ்வளவு குறைகிறது? இதற்கு ஏற்ற விடை வங்கதேசத்திலிருந்து வந்தது. 2020 நவம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை அங்கே அறுநூறு கிராமங்களில் கவசம் பற்றிய பெரிய ஆய்வொன்று நடந்தது. அங்கே வழங்கிய அறுவைக் கவசங்களில், துவைத்து மீண்டும் அணியலாம் என்றே வங்கமொழியில் அச்சிட்டிருந்தனர். சோதித்தபோது, புதிய கவசத்தின் வடிகட்டும் திறன் 95 விழுக்காடாக இருந்தது. சோப்பிட்டுப் பத்துமுறை துவைத்த பின் 76 விழுக்காடாகக் குறைந்தது. அதே ஆய்வில் பயன்படுத்திய துணிக்கவசத்தின் திறனோ 37 விழுக்காடு மட்டுமே. அதாவது, துவைத்த அறுவைக் கவசம் புதியதற்கு ஈடாகாது; ஆயினும் சாதாரணத் துணிக்கவசத்தைவிட அது மேலாகவே இருந்தது. பெரிய துளிகளைத் தடுப்பதில் இழப்பு குறைவு, மிகநுண்ணிய துகள்களைத் தடுப்பதில் இழப்பு மிகுதி.

துவைப்பவர் யார்?

இங்கே இன்னொரு கேள்வியும் எழ வேண்டும். துவைக்கலாமா என்பதோடு, யார் துவைப்பது என்பதும் முக்கியமானது. வியட்நாமின் ஹனோய் நகரில் பதினான்கு மருத்துவமனைகளின் 1607 பணியாளர்களிடம் 2011-இல் நடத்திய ஆய்வொன்று, துணிக்கவசம் அணிந்தோர்க்கு அறுவைக் கவசம் அணிந்தோரைவிட நோய்த்தொற்று மிகுதி என்று 2015-இல் அறிவித்தது. துணிக்கவசத்தின் மீது விழுந்த பெரிய அடி அது. அதே ஆய்வாளர்கள் 2020-இல் தரவுகளை மீண்டும் அலசினர். தாமே கையால் துவைத்துக்கொண்ட பணியாளர்களுக்கு, மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் துவைத்துத் தரப்பட்டவர்களைவிடத் தொற்றும் வாய்ப்பு இருமடங்காக இருந்தது. சலவைக்கூடத்தில் துவைத்த கவசம் அணிந்தோரோ, அறுவைக் கவசம் அணிந்தோரைப் போலவே பாதுகாப்புடன் இருந்தனர்.

இந்த ஒரு செய்தி, நாம் பிரெஸ்லாவில் தொடங்கிய கதையை முழுமையாக்குகிறது. துவைத்து அணியும் கவசம் தன்னந்தனியே இயங்கும் பொருளன்று. அதன் பின்னால் கொதிகலன் வேண்டும், ஆள் வேண்டும், ஒழுங்கு வேண்டும். அவற்றுக்கான செலவை மிச்சப்படுத்தவே எறியும் கவசம் வந்தது. சலவைக்கூடத்தை மூடிவிட்டு, துவைக்கும் பொறுப்பை இரவுப்பணி முடித்துக் களைத்து வீடு திரும்பும் செவிலியரின் கையில் ஒப்படைத்தால், தோற்பது துணியன்று. அதைச் சூழ்ந்திருந்த ஏற்பாடுதான்.

இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் 2020 மார்ச் 31 அன்று, வீட்டிலேயே துணிக்கவசம் தைப்பதற்கான கையேட்டை வெளியிட்டது. சோப்பு நீரில் துவைத்து வெயிலில் நன்கு உலர்த்தவும், பிரஷர் குக்கரில் வேகவைக்கவும் அது வழி கூறியது. உலகச் சுகாதார நிறுவனமும் 2020 ஜூனில் மூன்றடுக்குத் துணிக்கவசத்தைப் பரிந்துரைத்தது. ஆறடுக்கும் நான்கடுக்கும் முன்பே சோதிக்கப்பட்டிருந்த உலகம், அரை நூற்றாண்டு இடைவெளிக்குப் பின் எந்தத் துணி, எத்தனை அடுக்கு என்று முதலிலிருந்து ஆராயத் தொடங்கியது. 1960-களுக்குப் பின் துணிக்கவச ஆராய்ச்சி அறுபடாமல் தொடர்ந்திருந்தால், 2020-இல் வீடுதோறும் பழஞ்சட்டையை வெட்டித் தைக்கும் நிலை வந்திராது என்றே நாம் கருதுகிறோம்.

முடிவாக

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் விடைகள் இவை. என்-95 கவசத்தைத் துவைக்கவே கூடாது. அதன்மீது ஆல்கஹாலும் தெளிக்கக் கூடாது. நலமாக இருக்கும் ஒருவர், தம் சொந்தப் பயன்பாட்டிற்குச் சிலவற்றை வைத்துக்கொண்டு, அணிந்ததைக் காகித உறையில் சில நாள்கள் உலரவிட்டுச் சுழற்சியில் அணியலாம். நாடா தளர்ந்தாலோ, நனைந்தாலோ, கிழிந்தாலோ கழித்துவிட வேண்டும். மூன்றடுக்கு அறுவைக் கவசத்தைத் துவைத்தால், அது தரம் தாழ்ந்த கவசமாகிறது என்பதை அறிந்தே அணிய வேண்டும். வேறு வழியில்லாத இடத்தில், வெறும் முகத்தைவிட அது மேல். மருத்துவமனையிலும், நோயாளியின் அருகிலும், வலுக்குன்றிய முதியோர் இருக்கும் இடத்திலும் அதை நம்பக் கூடாது. துவைத்தே அணிய விரும்புவோர்க்கு, துவைப்பதற்கென்றே செய்த, நெருங்கிய இழையுள்ள பல அடுக்குத் துணிக்கவசமே உகந்தது.

2020 பிப்ரவரி மாத இறுதியில், ஹாங்காங்கைச் சேர்ந்த ஆளில்லாத சோக்கோ தீவுகளின் கரையில், நூறு மீட்டர் நீளத்திற்குள் எழுபது முகக்கவசங்கள் ஒதுங்கிக் கிடந்தன. பெருந்தொற்று உலகெங்கும் பரவுவதற்கு முன்னரே கண்ட காட்சி அது. பாலிபுரொப்பிலீன் மண்ணில் மக்குவதன்று. உயிர் காத்த பொருளைப் பழிப்பது எங்கள் நோக்கமன்று. நெருக்கடியில் மருத்துவப் பணியாளர்களைக் காத்ததில் நுண்ணிழைக் கவசத்தின் பங்கு பெரிது. ஆனால் ஒரே வகைப் பொருளையும், அதைச் செய்யும் சில ஆலைகளையும் மட்டும் நம்பியிருந்ததன் விலையை, கவசமின்றி நோயாளிகளின் முன் நின்றவர்கள் கொடுத்தார்கள்.

அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும் என்பதை எவரும் அறியார். அதற்குள், வடிகட்டும் திறனில் புதியதற்கும் துவைக்கும் இயல்பில் பழையதற்கும் ஈடான ஒரு கவசத்தை ஆராய்ச்சியாளர்கள் உருவாக்குவதும், அதைத் துவைத்துத் தரும் சலவைக்கூடங்களை மருத்துவமனைகள் மீட்டெடுப்பதும் அறிவுடைமை. கந்தையைக் கசக்கிக் கட்டச் சொன்ன முன்னோர், கசக்கத் தக்க துணி கையில் இருக்கிறது என்று நம்பியே அவ்வாறு சொன்னார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றும் பொறுப்பு நம்முடையது.